காகிதத்தின் மௌனம், மனிதரின் மௌனம்: வட அயர்லாந்தின் பழைய கணக்கைப் புதிய அரசு எப்படித் தீர்ப்பது?

2024 மே 1ஆம் தேதியோடு வட அயர்லாந்தில் முடியாமல் இருந்த பழைய மரண விசாரணைகள் (ஒருவர் எப்படி இறந்தார் என்று மட்டும் கண்டறியும் நீதி விசாரணைகள், யாரையும் தண்டிப்பவை அல்ல) எல்லாம் நின்றுபோயின. சாட்சிகளைப் பாதி கேட்டு முடித்த விசாரணையும் நின்றது, பல ஆண்டுகளாக வரிசையில் காத்திருந்த விசாரணையும் நின்றது. கன்சர்வேட்டிவ் அரசு 2023 செப்டம்பரில் நிறைவேற்றிய சட்டம் அப்படிச் சொன்னது. இரண்டு மாதம் கழித்து லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்தச் சட்டத்தை ரத்து செய்வோம் என்று தேர்தலுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்த கட்சி அது. சரி, ரத்து செய்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது? இந்தக் கேள்விக்கு நான்கு பதில்கள் மேசையில் இருந்தன. நான்கையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960களின் கடைசியில் தொடங்கி 1998 வரை நடந்த மோதலில் 3,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சுமார் 15 லட்சம் பேர் வாழ்ந்த சிறு நிலப்பகுதி அது. அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கர்கள் ஒரு பக்கம், பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டண்டுகள் மறுபக்கம், நடுவில் பிரிட்டிஷ் ராணுவமும் போலீசும். கொலைகளில் சுமார் 60 சதவீதம் ஐ.ஆர்.ஏ. (அயர்லாந்து குடியரசு ராணுவம்) போன்ற குடியரசுவாத ஆயுதக் குழுக்களின் கணக்கில் வருகிறது. சுமார் 30 சதவீதம் பிரிட்டன் விசுவாச ஆயுதக் குழுக்கள் செய்தவை, மீதி பத்து சதவீதம் அரசுப் படைகள் செய்தவை. 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி உடன்படிக்கை துப்பாக்கிகளைப் பெருமளவு அடக்கியது. சிறையில் இருந்த ஆயுதக் குழுவினர் இரண்டு ஆண்டுகளுக்குள் வெளியே வர வழி செய்தது. ஆனால் கொல்லப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது, யார் செய்தது என்று கண்டுபிடிக்க ஓர் அமைப்பையும் அது உருவாக்கவில்லை. சமாதானம் வர வேண்டும் என்ற அவசரத்தில் அந்தப் பக்கத்தை வெற்றாக விட்டுவிட்டார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அன்றைக்கு அதையும் எழுத முயன்றிருந்தால் உடன்படிக்கையே உடைந்திருக்கலாம். ஆனால் அந்த வெற்றுப் பக்கம் இன்னும் வெற்றாகவே கிடக்கிறது.

வழிகளை ஒப்பிட எனக்கு ஓர் அளவுகோல் வேண்டும். 'நீதியா, உண்மையா' என்று கேட்பதுதான் வழக்கம். அது இங்கே அவ்வளவு உதவாது. வட அயர்லாந்தில் உண்மை இரண்டு வகையான மௌனத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒன்று, காகிதத்தின் மௌனம். அரசிடம் கோப்புகள் இருக்கின்றன: உளவுத்துறைக் குறிப்புகள், ராணுவ நாட்குறிப்புகள், யார் யார் அரசுக்குத் தகவல் கொடுத்தார்கள் என்ற பட்டியல்கள். இன்னொன்று, மனிதரின் மௌனம். ஆயுதக் குழுக்கள் கோப்பு வைத்திருக்கவில்லை. அவர்களிடம் இருப்பதெல்லாம் நினைவு மட்டும்தான், அந்த நினைவும் இப்போது எழுபது எண்பது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கோப்பைத் திறக்கக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் வேண்டும். நினைவைத் திறக்கப் பாதுகாப்பும் நம்பிக்கையும் வேண்டும். ஒரே சாவியால் இரண்டையும் திறக்க முயன்ற ஒவ்வொரு திட்டமும் தோற்றிருக்கிறது. ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு பூட்டில் எதைத் திறக்கிறது என்று கேட்டுத்தான் எடைபோடுகிறேன்.

முதல் வழி, 2023 சட்டத்தை அப்படியே வைத்துக்கொள்வது. முன்னாள் ராணுவத்தினர் பலர் இதைத்தான் கேட்டார்கள். அந்தச் சட்டம் ஒரு புதிய ஆணையத்தை அமைத்தது. முன்னாள் தலைமை நீதிபதி டெக்லன் மோர்கன் அதன் தலைவரானார். தனக்குத் தெரிந்ததை உள்ளபடி ஆணையத்திடம் சொல்பவர் மீது இனி வழக்கே போட முடியாது என்பது அதன் மையப் புள்ளி. மரண விசாரணை, புதிய இழப்பீட்டு வழக்கு, போலீஸ் விசாரணை எல்லாம் மூடப்பட்டு எல்லாமே ஆணையத்தின் வாசலுக்கு வர வேண்டும். வட அயர்லாந்தின் பெரிய கட்சிகள் எதுவும் இதை ஏற்கவில்லை. ஒன்றின் நிழலில் இன்னொன்று நிற்க மறுக்கும் கட்சிகள் அவை. அவற்றை ஒரே அணியில் நிறுத்திய பெருமை இந்தச் சட்டத்துக்கு உண்டு.

இதன் கோளாறு எளிமையானது. வழக்கு வரும் என்ற பயம் இருந்தால்தான் விலக்குக்கு மதிப்பு. நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 7,000க்கும் மேற்பட்டோர் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பித்தார்கள் என்றால், கேட்காவிட்டால் நீதிமன்றம் காத்திருக்கிறது என்ற அச்சம் அன்றைக்கு இருந்தது. அந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன, முக்கியமானவை பொதுமக்கள் முன் விசாரிக்கப்பட்டன. வட அயர்லாந்தில் ஐம்பது ஆண்டு பழைய கொலைக்கு வழக்கு வருவதே அபூர்வம். வந்து தண்டனை கிடைத்தாலும், 1998 சட்டப்படி ஆயுதக் குழுவினருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறைதான். இந்த நிலையில் எவர் தானாக வந்து 'நான்தான் செய்தேன்' என்று சொல்வார்? கோப்பு விஷயத்தில் இன்னும் மோசம். தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி எதைக் குடும்பத்துக்குச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முடிவெடுக்கும் அதிகாரம் லண்டன் அமைச்சரிடமே இருந்தது. யாருக்கும் விலக்கு வழங்கப்படும் முன்பே, 2024 பிப்ரவரியில், பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்றது. செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைச்சரின் தடை அதிகாரத்தையும் தவறு என்றது. டப்ளினில் உள்ள அயர்லாந்து அரசோ பிரிட்டனையே ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு இழுத்திருந்தது. ஆக, முதல் வழி இரண்டு பூட்டையும் திறக்கவில்லை.

இரண்டாவது வழி நேர் எதிரானது: சட்டத்தை முழுதாகக் கிழித்தெறிந்து பழையபடி நீதிமன்றங்களிடமே எல்லாவற்றையும் ஒப்படைப்பது. என் மனம் முதலில் இந்தப் பக்கம்தான் சாய்ந்தது. காரணம், பாலிமர்ஃபி. 1971 ஆகஸ்ட் 9 முதல் 11 வரை மேற்கு பெல்ஃபாஸ்டின் அந்தப் பகுதியில் பத்துப் பேர் சுடப்பட்டு இறந்தார்கள். ஒருவர் பாதிரியார், ஒருவர் எட்டுக் குழந்தைகளின் தாய். அவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள் என்ற பழியை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் சுமந்தன. 2021 மே மாதம் நீதிபதி கீகன் தீர்ப்பை வாசித்தார்: பத்துப் பேரும் முற்றிலும் நிரபராதிகள். ஒன்பது பேர் ராணுவத்தின் குண்டுக்கு இறந்தார்கள். யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் இறந்தவர்களின் பெயர் சுத்தமானது. பல குடும்பங்கள் கேட்பது அதைத்தான் என்று வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரிவதில்லை.

மரண விசாரணை கோப்பைத் திறக்கும். ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. 1976 ஜனவரி 5 அன்று கிங்ஸ்மில் என்ற இடத்தில் வேலை முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களை ஆயுததாரிகள் நிறுத்தினார்கள். அவர்களில் இருந்த ஒரே கத்தோலிக்கரைப் போகச் சொல்லிவிட்டு, புராட்டஸ்டண்டுகளைச் சுட்டார்கள். பத்துப் பேர் இறந்தார்கள், ஒருவர் மட்டும் பல குண்டுகளோடு பிழைத்தார். 2024 ஏப்ரலில், கதவு மூட மூன்று வாரம்கூட மீதமில்லாதபோது, மரண விசாரணையின் முடிவு வந்தது. இதைச் செய்தது ஐ.ஆர்.ஏ.தான், வெளிப்படையான மதவெறிக் கொலை இது என்று அது பதிவு செய்தது. ஆனால் யார் திட்டமிட்டார்கள், யார் சுட்டார்கள் என்று சொல்ல அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. நீதிமன்றத்தால் அரசிடம் 'கோப்பைக் கொண்டு வா' என்று உத்தரவிட முடிகிறது. மனிதரின் நினைவுக்கு அப்படி உத்தரவு போட முடிவதில்லை.

குற்றவியல் வழக்கின் கதை இன்னும் கசப்பு. 1972 ஜனவரி 30, டெர்ரி நகரம், 'ரத்த ஞாயிறு': ஊர்வலம் போன மக்கள் மீது பாராசூட் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். 'சிப்பாய் எஃப்' என்று மட்டும் அறியப்பட்ட ஒருவர் மீது இரண்டு கொலைக் குற்றச்சாட்டுகள் சாட்டப்பட்டன. 2025 அக்டோபரில் அவர் விடுதலையானார். வழக்கு முக்கியமாக நின்றது, கூட இருந்த இரண்டு சிப்பாய்கள் 1972இல் கொடுத்த வாக்குமூலங்கள் மீது. ஒருவர் இறந்துவிட்டார், மற்றவரை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. காலம் சாட்சியத்தைத் தின்றுவிட்டது என்று சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. அந்தக் காலத்தில் ராணுவம் சுட்டால் சிவில் போலீஸ் சிப்பாய்களை விசாரிக்கவில்லை, ராணுவப் போலீசே வாக்குமூலம் வாங்கிக்கொண்டது. ஒழுங்காகச் சேகரிக்காமல் விட்ட சாட்சியத்தை இன்றைய நீதிபதி எங்கே போய்த் தேடுவார்?

ஆகவே இரண்டாவது வழிக்கு நான் தரும் இடம் இது: கதவை மூடக் கூடாது, ஆனால் அந்த ஒரு கதவை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தீர்க்கலாம் என்று யாருக்கும் நம்பிக்கை கொடுக்கவும் கூடாது.

மூன்றாவது வழி, பெரிய வழக்குகளுக்குத் தனித்தனி பொது விசாரணை ஆணையம். ரத்த ஞாயிற்றுக்காக 1998இல் அமைத்த சாவில் ஆணையம் 900க்கும் மேற்பட்டோரை நேரில் விசாரித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்தது, 19 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. 2010 ஜூன் 15 அன்று பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அந்தக் கொலைகளுக்கு நியாயமும் இல்லை, நியாயப்படுத்தவும் முடியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். டெர்ரியின் சதுக்கத்தில் பெரிய திரையில் அதைப் பார்த்த மக்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை விலை கேட்டு அளக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் 3,500 மரணங்களுக்கு இப்படிச் செய்ய முடியாது. அப்போது யாருக்குப் பொது விசாரணை, யாருக்கு இல்லை என்று ஒருவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும், அந்தத் தேர்வே புதுக் காயம் ஆகிவிடும்.

லேபர் அரசு இதில்தான் தடுமாறியது. வழக்கறிஞர் பாட் ஃபினுகேன் 1989 பிப்ரவரியில் வீட்டில் மனைவி, மூன்று குழந்தைகளின் கண்முன் கொல்லப்பட்டவர். அந்தக் கொலையில் அரசுப் படைகளின் உடந்தை அதிர்ச்சி தரும் அளவுக்கு இருந்தது என்று 2012இலேயே கேமரன் ஒப்புக்கொண்டார். 2024 செப்டம்பரில் வட அயர்லாந்து அமைச்சர் ஹில்லரி பென் அதற்குப் பொது விசாரணை அறிவித்தார். நல்ல முடிவு. அடுத்து ஷான் பிரவுன். பெல்லாகி ஊரில் அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளுக்கான கேலிக் கழகத் தலைவர், 1997 மே மாதம் கழகக் கதவைப் பூட்டும்போது கடத்திக் கொல்லப்பட்டவர். உளவுத் தகவல்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இந்தக் கொலையோடு தொடர்புபடுத்தப்பட்டார்கள், அவர்களில் அரசின் ஆட்களும் இருந்தார்கள் என்று மரண விசாரணையில் தெரிந்தது. ரகசியக் கோப்புகளைக் காட்ட முடியாததால் விசாரணையைத் தொடர முடியாது என்று அதை நடத்திய அதிகாரியான கொரோனரே நிறுத்திவிட்டு, பொது விசாரணை வேண்டும் என்று கேட்டார். அரசு மறுத்தது. 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரணை நடத்தச் சொன்னது, அதை எதிர்த்தும் அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு குடும்பத்துக்கு ஆம், இன்னொரு குடும்பத்துக்கு இல்லை. இதற்கு அமைச்சர் சொன்ன விளக்கங்களைப் படித்தேன், எனக்கு ஒப்பவில்லை.

நான்காவது வழிக்கு வருவோம். இதற்கு ஒரு மூதாதை உண்டு: 2014 டிசம்பரின் ஸ்டோர்மான்ட் ஹவுஸ் ஒப்பந்தம். குற்றத்தைப் புலனாய்வு செய்ய ஒரு பிரிவு, ரகசியமாகத் தகவல் பெற முற்றிலும் வேறான ஓர் ஆணையம், வாய்மொழி வரலாற்றுக்கு ஓர் ஆவணக் காப்பகம் என்று அது பிரித்து வைத்தது. இரண்டு மௌனங்களுக்கு இரண்டு சாவி. லண்டன் அதைச் சட்டமாக்கவே இல்லை. 2025 செப்டம்பர் 19 அன்று பென்னும் அயர்லாந்து வெளியுறவு அமைச்சர் சைமன் ஹாரிஸும் சேர்ந்து வெளியிட்ட திட்டம் அந்தப் பிரிவினையை மீண்டும் கொண்டுவந்தது. இருக்கும் ஆணையத்தைச் சீர்திருத்திப் புலனாய்வு செய்யும் புதிய ஆணையமாக்குவது, தகவல் பெறத் தனி ஆணையம், பாதியில் நின்ற மரண விசாரணைகளை மீண்டும் தொடங்குவது, வழக்கு விலக்கை நீக்குவது. அயர்லாந்து தன் பங்குக்குப் போலீசில் தனிப் பிரிவும் 2.5 கோடி யூரோவும் தருவதாகச் சொன்னது. முன்னாள் ராணுவத்தினர் நேரில் வராமலே சாட்சி சொல்லலாம், ஏற்கெனவே விசாரித்ததைக் காரணமின்றித் திரும்ப விசாரிக்கக் கூடாது போன்ற பாதுகாப்புகளும் உண்டு. அக்டோபரில் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது.

தனித் தகவல் ஆணையம் என்பது வெறும் கனவு இல்லை. ஐ.ஆர்.ஏ. போன்ற குடியரசுவாதக் குழுக்கள் கடத்திக் கொன்று ரகசியமாகப் புதைத்தவர்களைத் தேட 1999 முதல் இரண்டு அரசுகளும் கூட்டாக ஓர் ஆணையம் நடத்துகின்றன. காணாமல் ஆக்கப்பட்டோர் என்ற சொல்லுக்குத் தமிழ் வாசகரிடம் விளக்கம் தேவையில்லை. அந்த ஆணையத்துக்குத் தரும் தகவலை எந்த நீதிமன்றத்திலும் பயன்படுத்த முடியாது. பட்டியலில் 17 பேர், 13 பேரின் உடல்கள் கிடைத்துள்ளன. கொன்றவர்களின் தரப்பே வாய் திறந்ததால் கிடைத்தவை பெரும்பாலும். இதற்கு எதிர்ப்பாடமும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி முன்னாள் ஆயுததாரிகளின் வாக்குமூலங்களை, இறக்கும்வரை வெளியிட மாட்டோம் என்று சொல்லி ஒலிப்பதிவு செய்தது. வட அயர்லாந்துப் போலீஸ் அமெரிக்க நீதிமன்றம் வழியாக அவற்றில் சிலவற்றை வாங்கிவிட்டது. சட்டப் பாதுகாப்பில்லாத வாக்குறுதி எவ்வளவு மெல்லியது என்று அன்றைக்கு எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாராவது பேச வேண்டுமென்றால், தகவல் ஆணையத்துக்கும் புலனாய்வுப் பிரிவுக்கும் நடுவே எதுவும் கசியாத சுவர் இருக்க வேண்டும்.

ஒரு சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். உடல்களைத் தேடும் ஆணையம் கேட்பது 'எங்கே?' என்று. புதிய ஆணையம் 'யார்? ஏன்?' என்று கேட்கப் போகிறது. 'எங்கே' என்பதற்குப் பதில் சொல்ல ஒருவர் தன் தோழரைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. 'யார்' என்பதற்குப் பதில் சொன்னால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆகவே 17க்கு 13 என்ற கணக்கு இங்கே திரும்ப வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பத்துக் குடும்பத்தில் இரண்டுக்கு ஒரு வரி கிடைத்தாலும் இன்று இருப்பதைவிட மேல்.

காகிதத்தின் பக்கம்தான் நான்காவது வழியின் பலவீனம் கிடக்கிறது. கோப்பை வெளியிடத் தடை போடும் அதிகாரம் இந்த மசோதாவிலும் அமைச்சர் கையை விட்டு முழுதாகப் போகவில்லை. இது ஏன் முக்கியம் என்று, ஓர் உளவாளியைச் சுற்றிய கொலைகளை ஆராய்ந்த கெனோவா என்ற போலீஸ் விசாரணை காட்டுகிறது. ஐ.ஆர்.ஏ.வுக்குள் உளவாளிகளைக் கண்டுபிடித்துக் கொல்லும் பிரிவில் இருந்தவரே ராணுவத்தின் உளவாளி, 'ஸ்டேக்நைஃப்' என்பது ரகசியப் பெயர். அவரால் நூற்றுக்கணக்கான உயிர்கள் காப்பாற்றப்பட்டதாகப் பல ஆண்டு சொல்லப்பட்டது. 2024 மார்ச்சில் வந்த இடைக்கால அறிக்கை, அவரால் காப்பாற்றப்பட்ட உயிர்களைவிடப் போன உயிர்களே அதிகம் என்றது. ஏழெட்டு ஆண்டு உழைத்தும் அரசு அவர் பெயரை உறுதிசெய்யவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த விசாரணையின் உண்மையான சாதனை, குடும்பங்களை முதலில் உட்கார வைத்துப் பேசியதும், உளவுக் கோப்புகளுக்குள் புகுந்ததும். கோப்பு திறந்தபோதுதான் கதை தலைகீழானது. அதை மூடிவைக்க ஓர் அமைச்சருக்கு அதிகாரம் இருந்தால், அமைச்சர் நல்லவரா என்ற கேள்வியே எழக் கூடாது. பிரதமர் கியர் ஸ்டார்மர் ஒரு காலத்தில் வட அயர்லாந்துப் போலீஸ் வாரியத்துக்கு மனித உரிமை ஆலோசகராக இருந்தவர், இது அவருக்குத் தெரியாததல்ல.

என் தேர்வு நான்காவது வழிதான், ஒரு திருத்தத்தோடு: கோப்பை மூடலாமா என்பதில் கடைசி வார்த்தை அமைச்சருக்கு அல்ல, ரகசிய ஆவணங்களைப் பார்க்கும் அனுமதியுள்ள ஒரு நீதிபதிக்கு இருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் உளவாளியின் பெயரைக் காக்க வேண்டிய இடத்தில் அந்த நீதிபதி காக்கட்டும், அரசின் மானத்தைக் காக்க மட்டும் பூட்டிய கோப்பைத் திறக்கட்டும். இந்தத் திருத்தம் இல்லாமல் போனால், நான்காவது வழிக்கும் முதல் வழிக்கும் உள்ள தூரம் நான் மேலே எழுதியதைவிடக் குறைவு.

வரிசையும் முக்கியம். பாதியில் நின்ற மரண விசாரணைகள் முதலில் தொடங்க வேண்டும், ஆணையம் அமையும்வரை அவை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்து தகவல் ஆணையம், ஏனென்றால் நினைவுகளின் வயது கோப்புகளின் வயதைப் போல இல்லை. புலனாய்வு ஆணையம் ஆறு மாதம் தாமதமானாலும் தாங்கலாம். முன்னாள் சிப்பாய்களுக்கான பாதுகாப்புகளில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எண்பது வயதுக்காரரை வீட்டிலிருந்தே சாட்சி சொல்ல விடுவதால் யாருடைய நியாயமும் குறைந்துவிடாது, அதே சலுகை எல்லாத் தரப்பு முதியவர்களுக்கும் கிடைக்கும்வரை. டப்ளினும் தன் போலீஸ் கோப்புகளைத் திறக்க வேண்டும். கிங்ஸ்மில் குடும்பங்கள் எல்லைக்கு அப்பால் இருந்து வர வேண்டிய பதிலுக்காகக் காத்திருந்தவை, அவர்களுக்கு 2.5 கோடி யூரோவைவிட ஒரு பெட்டிக் காகிதம் பெரிது.

ஷான் பிரவுனின் மனைவிக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. அவருக்கு ஆம் என்று சொல்லப் புது மசோதா எதுவும் தேவைப்பட்டிருக்காது. பொது விசாரணைக்கான சட்டம் 2005 முதல் இருக்கிறது, அமைச்சர் ஒருவரின் கையெழுத்து போதும்.